22 கிலோநியூட்டன் காரபினரும் 55 கிலோ உடம்பும்

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் எடை 55 கிலோ. ஒன்றரை வருடமாக ஏரியல் சில்க் கற்கிறீர்கள். அதாவது கூரையிலிருந்து தொங்கும் நீளத் துணியில் ஏறி, உடம்பில் சுற்றிக்கொண்டு, அவிழ்ந்து விழுந்து, தரைக்கு மேலே நிற்கும் கலை. இப்போது வீட்டிலும் பயிற்சி செய்ய ஆசை. வீட்டில் இருப்பது கான்கிரீட் கூரை, அதில் ஒரு ஃபேன் கொக்கி. வாங்கி வைத்திருக்கும் காரபினரில், அதாவது துணியை மாட்ட உதவும், வாய் திறந்து மூடும் உலோக வளையத்தில், 22 கிலோநியூட்டன் என்று பொறித்திருக்கிறது. அது ஏறக்குறைய 2,200 கிலோ, உங்கள் எடையைப் போல 40 மடங்கு. "40 மடங்கு போதாதா? ரிக்கிங் செய்பவர்கள் எல்லாரும் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ரிக்கிங் என்பது ஆளும் சாமானும் தொங்கும் இடங்களை அமைக்கும் வேலை.

வகுத்தது சரி. வகுக்க எடுத்துக்கொண்ட இரண்டு எண்களும்தான் தவறு. 55 என்பது நீங்கள் அசையாமல் தொங்கும்போது மட்டுமே 55. 22 என்பது அந்தக் காரபினரை அது விரும்பும் திசையில் இழுக்கும்போது மட்டுமே 22. நான் தொழிற்சாலைகளில் இயந்திரங்களைத் தூக்கி இறக்கும் வேலையில் தொடங்கியவன். பிறகு மேடைக்கும் ஏரியல் வகுப்புகளுக்கும் தொங்குமுனை அமைக்க வந்தேன். இயந்திரத்தைத் தூக்குவது எளிது. எத்தனை டன் இருந்தாலும் அது தொங்கிக்கொண்டே குட்டிக்கரணம் போடாது.

முதலில் 55-ஐப் பார்ப்போம். பழைய பேப்பர்காரரிடம் ஒரு ஸ்பிரிங் தராசு இருக்குமே, கொக்கியில் மாட்டி முள் பார்ப்பது, அதை ஒரு நிமிடம் இரவல் வாங்குங்கள். 5 கிலோ கட்டு ஒன்றைக் கொக்கியில் மாட்டி, அடியில் கையை வைத்து முள் பூஜ்யத்தில் நிற்கும்படி தாங்கிக்கொள்ளுங்கள். இப்போது கையைச் சட்டென்று எடுத்துவிடுங்கள். முள் 5-இல் நிற்காது. கிட்டத்தட்ட 10 வரை பாய்ந்து, மேலும் கீழும் ஆடி, பிறகுதான் 5-க்கு வரும். இத்தனைக்கும் கட்டு எந்த உயரத்திலிருந்தும் விழவில்லை. திடீரென்று கொடுக்கப்பட்ட எடை தன்னைப் போல இரண்டு மடங்கு இழுக்கும், அவ்வளவுதான்.

விழுந்தால்? இதற்கு ஒரு மனக்கணக்கு இருக்கிறது. தடையில்லாமல் விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள். அத்தனை மடங்கு எடை மேலே இழுபடும். 2 மீட்டர் விழுந்து, துணி நீண்டும் உடம்பு மடங்கியும் அரை மீட்டரில் நின்றால் 5 மடங்கு. அதே 2 மீட்டரை விழுந்து, நீளாத இரும்புச் சங்கிலியில் 10 சென்டிமீட்டரில் நின்றால் 21 மடங்கு. அந்த நிலையில் சங்கிலி தாங்கினாலும் இடுப்பு தாங்காது. இதுவும் சராசரிக் கணக்குதான். நிற்கும் தூரம் முழுவதும் விசை ஒரே சீராக இருப்பதில்லை என்பதால் உச்சம் இதையும் தாண்டும். இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, உயரம் மட்டும் தனியாக எதையும் சொல்வதில்லை என்பது. உங்கள் வீட்டுக் கூரை 10 அடிதான் இருக்கும், அங்கே பெரிய விழுகை எதுவும் செய்ய முடியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சரி. ஆனால் கை வழுக்கி அரை மீட்டர் இறங்கி, காலில் சுற்றிய துணி 10 சென்டிமீட்டரில் பிடித்து நிறுத்தினால் 6 மடங்கு. அதற்கு 10 அடி தாராளம்.

ஒரு பயிற்சிக்கூடத்தில் தொங்குமுனைக்கும் துணிக்கும் இடையே லோட் செல் ஒன்றை மாட்டி, மாணவர்களை ஒவ்வொருவராக ஏறச் சொன்னேன். இழுவிசையை எண்ணாகக் காட்டும் கருவி அது. 54 கிலோ எடையுள்ள ஒரு மாணவி அசையாமல் தொங்கியபோது 54. ஏறத் தொடங்கியதும், ஒவ்வொரு முறை முழங்காலை மடக்கி எம்பும்போதும் எண் 80-ஐத் தொட்டுத் தொட்டு இறங்கியது. வெறுமனே ஏறுவதற்கே ஒன்றரை மடங்கு. பிறகு அவர் வழக்கமாகச் செய்யும் ஒரு விழுகை: 210-ஐத் தாண்டியது. அதையே இரண்டாம் முறை செய்யச் சொன்னோம். சுற்றும்போது துணியில் கொஞ்சம் தொய்வு விட்டுவிட்டார். வெளியே நின்ற எங்கள் யார் கண்ணுக்கும் வேறுபாடு தெரியவில்லை. கருவி 260 காட்டியது. இறங்கி வந்து எண்ணைப் பார்த்தவர், "நான் அவ்வளவு கனமா?" என்றார். சிரித்துக்கொண்டோம். ஆனால் அன்றிலிருந்து தொய்வு விடாமல் சுற்றுவதை அழகுக்கான பாடமாக மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. லோட் செல் வைத்து அளந்த பலருக்கும் பெரிய சில்க் விழுகைகளில் எடையின் 3 முதல் 5 மடங்குதான் வந்திருக்கிறது. உங்களுக்கு நான் 4 மடங்கு என்று வைத்துக்கொள்கிறேன். 55 கிலோ 220 ஆகிவிட்டது. உங்கள் 40 மடங்கு 10 ஆகிவிட்டது. இன்னும் காரபினரைத் தொடவே இல்லை.

விழாமல் வெறுமனே ஆடினாலும் எடை கூடும். வீட்டு ஊஞ்சலில் 60 பாகை வரை உந்தி ஆடினால், அடிப்புள்ளியைக் கடக்கும் நொடியில் சங்கிலியில் இருப்பது உங்கள் எடையைப் போல 2 மடங்கு. 45 பாகைக்கு சுமார் 1.6; கயிறு கிடைமட்டமாகும் அளவுக்கு, அதாவது 90 பாகை வரை போனால் 3 மடங்கு. கயிறு 2 மீட்டரா 10 மீட்டரா என்பது இதில் கணக்கே இல்லை என்பது பலருக்கு நம்ப முடியாத செய்தி. சர்க்கஸ் பார் விளையாட்டில் எத்தனை உயரத்தில் ஆடினாலும் கோணம்தான் விசையைத் தீர்மானிக்கிறது.

ஆட்டத்தில் இன்னொரு விஷயம், பெரும்பாலோர் மறப்பது: பக்கவாட்டு இழுப்பு. 60 பாகை ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் உங்கள் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்று மேல் கிடைமட்டமாக இழுக்கும், அதுவும் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. கூரைக்குப் பதில் துணியைத் தொங்கவிட, நேர்கீழ் எடைக்கு மட்டும் கணக்குப் போட்டு வெல்டிங் பட்டறையில் செய்த உயரமான முக்காலிகள் சாய்வது இதனால்தான். நான்கு பேர் தொங்கியும் அசையாத முக்காலி, ஒரே ஒருவர் ஆடியதும் காலைத் தூக்கும்.

இனி கோணங்கள். துணிக்கொடியை எல்லாரும் கட்டியிருப்போம். 5 மீட்டர் கொடி, நடுவில் 4 கிலோ ஈரப் போர்வை. தொய்வு அசிங்கமாக இருக்கிறதென்று 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்காதபடி இழுத்துக் கட்டினால், இரு முனை ஆணிகளிலும் தலா 50 கிலோ இழுபடும். ஆணி பிடுங்கிக்கொண்டு வருவதற்குச் சுவரைத் திட்டுவது நியாயமில்லை. நம் ஊர்த் தெருக்களில் கழைக்கூத்தாடிகள் மூங்கிலைக் குறுக்காக நட்டுக் கயிறு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 6 மீட்டர் கயிற்றில் 40 கிலோ ஆள் நடுவில் நிற்கும்போது கயிறு 30 சென்டிமீட்டர் தாழ்ந்தால் கயிற்றில் 200 கிலோ இழுவிசை. அதனால்தான் மூங்கிலைவிட, கயிற்றின் நுனியைக் கட்டும் முளையை அடிப்பதில் அவர்கள் அவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள். கம்பி நடையில் இந்த இழுவிசையோடு காற்றும் சேரும். கம்பி ஆடாமல் பிடித்துக்கொள்ள, மின்கம்பத்து ஸ்டே கம்பிபோலப் பக்கவாட்டில் தாங்குகம்பிகள் வேண்டும். 1978 மார்ச் 22-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் வானில், 73 வயதான கார்ல் வாலெண்டா இரண்டு ஹோட்டல் கோபுரங்களுக்கு இடையே நடந்தபோது காற்றில் தடுமாறி விழுந்து இறந்தார். பக்கக் கம்பிகள் சரியாகக் கட்டப்படாததே காரணம் என்று அவர் குடும்பத்தார் சொன்னார்கள்.

உங்கள் சில்க்குக்கு இது எங்கே வரும்? இரண்டு பீம்களிலிருந்து இரண்டு ஸ்லிங், அதாவது தூக்குப்பட்டை, இறக்கி, நடுவில் ஒரு முனையாகச் சேர்த்துத் துணியைத் தொங்கவிடுவார்கள். கூரை தாழ்வாக இருந்தால், உயரத்தை வீணாக்க வேண்டாமென்று அந்த இரண்டு ஸ்லிங்குகளையும் அகல விரிப்பார்கள். இரண்டுக்கும் இடையே 60 பாகை இருந்தால் ஒவ்வொன்றிலும் எடையின் 0.58 பங்கு. 90-க்கு 0.71. 120-க்கு ஒவ்வொன்றிலும் முழு எடை. அதாவது இரண்டாகப் பிரித்ததில் ஒரு லாபமும் இல்லை. 150-க்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 170-க்கு 5.7 மடங்கு. என்னைக் கேட்டால் 90-ஐத் தாண்டவே வேண்டாம். 120-ஐப் பார்த்தால் வேலையை நிறுத்திவிட்டு இறங்குவேன்.

கப்பி பற்றிச் சுருக்கமாக. கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது குடத்தின் எடை ஒரு பக்கம், அதற்குச் சமமாக உங்கள் கை இழுப்பது மறுபக்கம். கப்பி தொங்கும் குறுக்குக்கட்டைக்கு இரண்டும் சேர்ந்து வரும். மேலே கப்பி வைத்துத் துணியை ஏற்றி, கயிற்றைத் தரையில் ஒரு வளையத்தில் கட்டிவைக்கும் பயிற்சிக்கூடங்கள் உண்டு. அங்கே கூரைக்குப் போவது 220 அல்ல, 440. கயிற்றைச் சுவர்ப்பக்கம் 90 பாகையில் திருப்பினால் அந்தக் கப்பிக்கு 1.4 மடங்கு. இதைக் கணக்கில் சேர்க்காத வரைபடங்களை நான் பொறியாளர்களிடமிருந்தே பெற்றிருக்கிறேன்.

இப்போது காரபினர். உங்கள் கையில் இருப்பதை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். 22 மட்டும் இருக்காது. பக்கத்திலேயே சிறிதாக இன்னும் இரண்டு எண்கள் இருக்கும், பெரும்பாலும் 7-ஐ ஒட்டி: ஒன்று குறுக்குவாட்டில் இழுத்தால், மற்றொன்று வாய் திறந்திருக்கும்போது இழுத்தால். காரபினரின் முதுகெலும்பு, அதாவது வாய்க்கு எதிரே உள்ள நீளத் தண்டு, நெடுக இழுபடும்வரைதான் அந்த 22. துணியில் ஆள் ஏறி இறங்கி ஆடும்போது கணநேரம் தொய்வு வரும். அந்தக் கணத்தில் காரபினர் சுழன்று குறுக்கே நின்றுவிடும். அடுத்த விழுகை அந்த நிலையிலேயே வந்து இறங்கும். 7 கிலோநியூட்டன், அதாவது சுமார் 700 கிலோவை 220-ஆல் வகுத்தால் 3 சொச்சம். 40-இல் தொடங்கினோம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மலையேறும் காரபினரில் பொறித்திருப்பது உடையும் வலிமை. தூக்குவேலைக்கான ஷாக்கிளில், அதாவது குறுக்கே போல்ட் போட்டு மூடும் யூ வடிவ எஃகு வளையத்தில், பொறித்திருப்பது வேலைக்கான வரம்பு, டபிள்யூ.எல்.எல். என்ற எழுத்துகளோடு. 5/8 அங்குல வில் ஷாக்கிள் ஒன்றில் 3¼ டன் என்று இருந்தால், அது உடைவது அதைப்போல 5 அல்லது 6 மடங்கில். இரண்டையும் பக்கத்தில் வைத்து 2.2 டன், 3.25 டன் என்று ஒப்பிட்டு "இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்" என்று சொல்பவர்களை வாரம் ஒருமுறையாவது சந்திக்கிறேன். இரும்புக் கடையில் எடைபோட்டு விற்கும், எந்த முத்திரையும் இல்லாத பளபள ஷாக்கிள்களைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. தோட்டத்துக் கேட்டுக்கு நன்றாக இருக்கும்.

காகிதத்தில் போதுமான மடங்கு இருந்தும் ஒரு காரபினர் எப்படி உடையும் என்பதற்கு 2014 மே 4-ஆம் தேதியைவிடத் தெளிவான பாடம் இல்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பிராவிடன்ஸ் நகர அரங்கம். ரிங்லிங் பிரதர்ஸ் அண்ட் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸின் காட்சி. எட்டுப் பெண்கள் தங்கள் தலைமுடியாலேயே ஒரு வட்டச் சட்டத்திலிருந்து தொங்குகிறார்கள், சரவிளக்கு மாதிரி. திரை விலகிச் சில நொடிகளில் மொத்தமும் தரைக்கு வந்தது. எட்டுப் பேரும் பலத்த காயம். கீழே நின்றிருந்த நடனக்காரர் ஒருவரும் அடிபட்டார். மொத்தச் சட்டத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது ஒரே ஒரு எஃகுக் காரபினர். சட்டமும் ஆட்களும் சேர்த்து சுமார் 1,500 பவுண்டு, காரபினரின் வலிமை 10,000 பவுண்டு என்று அப்போது சொல்லப்பட்டது. ஆறரை மடங்குக்கு மேல். அவர்கள் விழுகை எதுவும் செய்யவில்லை, ஆடவும் இல்லை.

அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா விசாரித்துச் சொன்னது: காரபினரில் சுமை ஏற்றப்பட்ட விதமே தவறு. காரபினர் இரண்டு முனைகளில் இழுபடுவதற்காகச் செய்யப்பட்டது. இங்கே மேலே ஒரு இழுப்பு, கீழே இரண்டு இழுப்பு. கீழ்ப்பக்க இரண்டும் வளைவை இரு பக்கமாகப் பிளக்கின்றன. முதுகெலும்பு சுமக்க வேண்டியதை வாய்ப்பூட்டும் வளைவும் சேர்ந்து சுமக்க நேர்கிறது. அப்படிச் செய்யக் கூடாது என்று தயாரிப்பாளரின் குறிப்பிலேயே இருந்தது. விதிக்கப்பட்ட அபராதம் 7,000 டாலர். அந்த வகை மீறலுக்குச் சட்டம் அனுமதித்த உச்சமே அவ்வளவுதான். பிறகு நிறுவனம் காரபினர்களுக்குப் பதில் ஷாக்கிள்களைப் பயன்படுத்தச் சம்மதித்தது. மூன்று திசை இழுப்புக்கு வில் ஷாக்கிளோ, பல துளைகள் உள்ள ரிக்கிங் தட்டோதான் பொருத்தம். ஒரு சாமானைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை டன் என்று கேட்கும் முன் எத்தனை திசை என்று கேட்கும் பழக்கம் எனக்கு இந்தச் செய்தியைப் படித்த பிறகு வந்தது.

திசைக்கு இன்னொரு எடுத்துக்காட்டு ஐ போல்ட், அதாவது தலையில் வளையம் உள்ள போல்ட். வளையத்துக்கு அடியில் தட்டையான தோள் உள்ள நல்ல ஐ போல்ட்டை நேராக இழுத்தால் முழு வலிமை. 45 பாகையில் இழுத்தால் 30 சதவீதம். முழுக்கப் பக்கவாட்டில் இழுத்தால் 25. தோள் இல்லாததைப் பக்கவாட்டில் இழுக்கவே கூடாது. ஆட்டத்தின் பக்கவாட்டு இழுப்பைச் சற்று முன் சொன்னேன். அது முதலில் போய் நிற்கும் இடம் இந்த ஐ போல்ட்தான். ஒரு பள்ளியில் பயிற்சிமுனை ஒன்றைச் சோதிக்க ஏணியில் ஏறியபோது, ஐ போல்ட்டின் கழுத்தில் நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தேன், நகம் அதில் மாட்டியது. விரிசல். அதில் முந்தைய நாள் மாலைவரை குழந்தைகள் ஆடியிருக்கிறார்கள். மாட்டியவர் 1 டன் ஐ போல்ட் என்று ரசீதைக் காட்டினார். ரசீதில் பொய் இல்லை.

சரி, எவ்வளவு மடங்கு வைக்க வேண்டும்? ஏரியல் உலகில் 10 என்ற எண் புழங்குகிறது: அசையாமல் தொங்கும் எடையைப் போல 10 மடங்கில்தான் எதுவும் உடைய வேண்டும். பழைய, எளிய விதி. அசைவு 4 அல்லது 5-ஐ விழுங்கும், மிச்சம் தேய்மானத்துக்கும் முடிச்சுக்கும் என்பது அதன் உள்ளர்த்தம். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. மெதுவாகத் தொங்கி யோகா செய்பவருக்கும், 6 மீட்டரிலிருந்து சுற்றவிழ்ந்து விழுபவருக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கிறது. உச்ச விசையை முதலில் தீர்மானித்து, அதற்குமேல் 5 மடங்கு வைப்பதுதான் என் வழக்கம். நடிகர்களைப் பறக்கவிடும் அமைப்புகளுக்கென்றே அமெரிக்காவில் ஈ1.43 என்றொரு தரநிலை இருக்கிறது. அதுவும் தொங்கும் எடை வேறு, இயல்பான அசைவில் வரும் விசை வேறு, அவசரமாக நிற்கும்போது வரும் உச்சம் வேறு என்று பிரித்தே பார்க்கிறது.

உங்கள் உச்சத்தை 3 கிலோநியூட்டன் என்று வைக்கிறேன். 55 கிலோவுக்கு ஐந்தரை மடங்கு. அதற்கு 5 மடங்கு என்றால் 15. சங்கிலியில் உள்ள ஒவ்வொரு கண்ணியும், அது வேலை செய்யும் அதே திசையில், 15-இல் உடையாமல் இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க: ஐரோப்பாவில் தொழிலாளர்களின் விழுகைத் தடுப்புப் பட்டைகள் உடம்புக்கு 6 கிலோநியூட்டனுக்கு மேல் போகவிடக் கூடாது என்று விதி. முழு உடல் கச்சை அணிந்தவருக்கே அதுதான் எல்லை. நீங்கள் வெறும் துணியை இடுப்பில் சுற்றியிருப்பீர்கள். ஆங்கருக்கு, அதாவது கட்டடத்தில் பதித்த பிடிமானத்துக்கு, அமெரிக்க விதி ஒருவருக்கு 5,000 பவுண்டு, அதாவது 22 கிலோநியூட்டன்.

15 என்ற அந்தக் கணக்கு புதுச் சாமானுக்கு. முடிச்சுப் போட்ட கயிறு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வலிமையை இழக்கும். ஸ்லிங்கைச் சுருக்குப் போட்டு மாட்டினால் 80 சதவீதம்தான். துணியை எட்டு வடிவ வளையத்தில் கட்டும் இடத்தில்தான் அது முதலில் தேயும். கண்ணால் பார்ப்பதைவிட விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுப் பாருங்கள், இழை அறுந்த இடம் சொரசொரக்கும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஏறுங்கள் என்று ஆசிரியர்கள் கத்துவது விரலுக்காக மட்டுமில்லை, துணிக்காகவும்தான்.

எந்த மடங்காலும் காக்க முடியாத வகை ஒன்றும் உண்டு. 2013 ஜூன் 29-இல் லாஸ் வேகஸில் சர்க் டு சொலே என்ற சர்க்கஸ் நிறுவனத்தின் 'கா' நிகழ்ச்சியில், செங்குத்துச் சுவர் போன்ற மேடைமேல் கம்பிவடத்தில் தொங்கி நடித்துக்கொண்டிருந்த கலைஞர் ஒருவர் மிக வேகமாக மேலே ஏறினார். கம்பிவடம் கப்பியின் பள்ளத்திலிருந்து விலகி ஒரு கூரிய விளிம்பில் உரசி அறுந்தது. 90 அடிக்கு மேலான உயரத்திலிருந்து விழுந்து அவர் இறந்தார். அந்தக் கம்பிவடத்தை இன்னும் தடிமனாகப் போட்டிருக்கலாமே என்பது பதில் இல்லை. கயிறு போகும் வழி நெடுக, அது இருக்க வேண்டிய இடத்தைவிட்டு விலகினால் எதில் போய் உரசும் என்று ஒருவர் விரலால் தடவிப் பார்த்திருக்க வேண்டும். என் கையில் இன்றும் ஏணியும் டார்ச்சும்தான் முதல் கருவிகள், கால்குலேட்டர் அப்புறம்.

இனி உங்கள் ஃபேன் கொக்கி. அந்தக் கம்பி 10 மில்லிமீட்டர் முறுக்குக்கம்பியாக இருந்தால், நேராக இழுத்தால் 30 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்கும். காரபினரை வைத்துப் போட்ட அதே கணக்கை இதிலும் போட்டு மகிழலாம். ஆனால் அது கொக்கி. கம்பி அறுவதற்கு எவ்வளவோ முன்பே வளைவு விரிந்துகொடுக்கும். சென்ட்ரிங் அடித்த அன்று அந்தக் கம்பியைத் தளத்தின் கம்பிகளுக்கு மேலாகக் கொண்டுபோய்க் கட்டினார்களா, ஃபேன் பெட்டிக்குள் சும்மா செருகிவிட்டார்களா என்பது கான்கிரீட்டுக்குள் புதைந்த ரகசியம். 4, 5 கிலோ விசிறிக்கு எப்படிச் செய்தாலும் போதும் என்பதால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அதில் தொங்காதீர்கள். "என் அக்கா குழந்தைக்கு அதில்தான் தூளி கட்டினோம்" என்று எழுதியிருந்தீர்கள். பத்துக் கிலோ குழந்தை தூங்கத்தான் செய்யும், சுற்றவிழ்ந்து விழாது.

துளை போட்டு, பசையால் ஒட்டிப் பிடிக்கும் ரசாயன ஆங்கர் வைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. தலைக்கு மேலே, எப்போதும் கீழ்நோக்கி இழுபடும் இடத்தில் பசையை நம்பித் தொங்குவது எனக்குப் பிடிக்காது. 2006 ஜூலை 10-இல் பாஸ்டன் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகள் காரின்மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். விரைவில் இறுகும் எப்பாக்சிப் பசை, தொடர்ந்த இழுப்பில் மெதுவாக நழுவி வந்ததே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். மாட்டிய அன்று சோதித்தால் எல்லாம் உறுதியாகவே இருந்திருக்கும். எல்லாப் பசையும் அப்படியில்லை; அந்த வேலைக்கென்று சோதிக்கப்பட்டவை உண்டு. ஆனால் துளையைச் சரியாக ஊதிச் சுத்தம் செய்தார்களா என்பதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்காவிட்டால் தெரியாது.

தளத்தை முழுவதும் துளைத்து, மொட்டை மாடியில் ஒரு எஃகுத் தட்டை வைத்துக் கீழே இறங்கும் போல்ட் நம்பகமானது. அதற்கு மாடியின் தட்டோட்டை உடைக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஒழுகத் தொடங்கினால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்பது உங்கள் பாடு. அதைவிட, இரண்டு தூண்களுக்கு இடையே ஓடும் கான்கிரீட் பீமை ஒட்டி இரும்புப் பட்டையை அமைப்பது எனக்குப் பிடித்தது. இரண்டில் எதைச் செய்தாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவரிடம் பேசும்போது ஒரு விஷயம்: "55 கிலோ தொங்கும்" என்று சொல்லாதீர்கள், அவர் விசிறிபோல நினைத்துக்கொள்வார். "15 கிலோநியூட்டன்" என்றும் சொல்லாதீர்கள், அவர் தன் மடங்கை அதன்மேல் மறுபடியும் பெருக்கி "முடியாது" என்பார். உச்சம் 3 கிலோநியூட்டன், திடீரென்று வரும், ஒரு மாலையில் நூறு முறை வரும், பக்கவாட்டில் அரை கிலோநியூட்டன்வரை இருக்கும், ஆளைத் தாங்குவது என்று இந்த ஐந்தையும் எழுதிக் கொடுங்கள். 5 மடங்கு என்பது சாமான்களுக்கு நான் வைக்கும் கணக்கு. கட்டடத்துக்கு அவருடைய விதிகள் தனி.

பீமின் அகலம், ஆழம், தூண்களுக்கு இடையே உள்ள தூரம், அது எந்த வருடம் கட்டிய வீடு, மேலே தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். கொக்கியைச் சுற்றியுள்ள பூச்சில் விரிசல் ஏதாவது இருந்தால் அதன் படமும் வேண்டும், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து.